விக்கிபீடியா ஃப்ரீதானே? ஒரு பெயரின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பழைய பாலத்தைப் பத்தி இந்த நிகழ்ச்சியில பேசியிருந்தேன். எபிசோட் வெளியான மறுவாரம் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். திட்டி எழுதின மெயில் இல்லை. “எபிசோட் நல்லா இருந்தது. நடுவுல நீங்க வாசிச்ச நாலு வாக்கியம் நான் தமிழ் விக்கிபீடியாவுல எழுதினது. அதுக்காக ரெண்டு சனிக்கிழமை நூலகத்துல உட்கார்ந்திருந்தேன். விக்கிபீடியான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.” அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிடுறேன், எனக்கு முதல்ல வெட்கம் வரலை. “விக்கிபீடியாதானே, அது ஃப்ரீதானே?” அப்படின்னுதான் தோணுச்சு. அப்புறம் அந்த ‘ஃப்ரீ’க்கு என்ன அர்த்தம்னு தேடப் போனேன். தேடல் என்னை 300 வருஷம் பின்னாடி கொண்டுபோய் விட்டது.

கத்தரிக்கோல் காலம்

1728-ல் லண்டனில் எஃப்ரைம் சேம்பர்ஸ் என்பவர் ‘சைக்ளோபீடியா’ என்று இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். கலை, அறிவியல், தொழில் எல்லாவற்றையும் அகர வரிசையில் விளக்கும் நூல். இதில் என்ன வேடிக்கைன்னா, ‘இலக்கியத் திருட்டு’ என்பதற்கும் அதில் ஒரு பதிவு இருந்தது. அகராதி தொகுப்பவர்களுக்கு ‘என்னுது, உன்னுது’ கணக்கு பொருந்தாது என்று அதில் வாதாடுகிறார் சேம்பர்ஸ். தேனீ பூப்பூவாகப் போய் எடுப்பது ஊருக்கு உதவத்தானே, அதே மாதிரிதான் நாங்களும் என்கிறார். திருட்டுக்கு விளக்கம் எழுதும்போதே தனக்கு விலக்கும் எழுதிக்கிட்டார்!

அந்தத் தேனீயிடமிருந்தே தேன் எடுக்க ஆள் வந்தார்கள். 1745-ல் பாரிஸில் லெ பிரெத்தோன் என்ற பதிப்பாளர், சேம்பர்ஸின் நூலை பிரெஞ்சில் மொழிபெயர்க்கத் திட்டம் போட்டார். அந்தத் திட்டம் தீதரோ, தாலம்பேர் கைக்கு வந்து, வளர்ந்து, வேறொன்றாக மாறியது. உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியமான ‘ஆன்சைக்ளோபெடி’ அதுதான். முதல் தொகுதி 1751-ல் வந்தது. ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் அடையாளம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது ஒரு மொழிபெயர்ப்பு வேலையாகத்தான் ஆரம்பிச்சது. அதன் மேலேயும் புகார் வந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்காக ரேமூர் சேர்த்துவைத்திருந்த படங்களை எடுத்துக்கொண்டார்கள் என்று 1759-ல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்கள்.

அடுத்தது ஸ்காட்லாந்து. எடின்பரோவில் 1768-லிருந்து 1771 வரை பகுதி பகுதியாக வந்தது என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவின் முதல் பதிப்பு. ஆசிரியர் வில்லியம் ஸ்மெல்லி, இருபதுகளின் கடைசியில் இருந்த இளைஞர். மொத்த வேலைக்கும் சம்பளம் 200 பவுண்டு. இந்த நூலை நான் கத்தரிக்கோலால்தான் செஞ்சேன், புத்தகங்களிலிருந்து வெட்டி வெட்டி அச்சகத்துக்குக் கொடுத்தேன்னு பின்னாளில் அவரே சிரிச்சுக்கிட்டுச் சொல்வாராம்.

அப்போ சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருந்தது. பிரிட்டனில் 1710-லேயே பதிப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். அதுக்கு நல்ல உதாரணம் பிலடெல்ஃபியாவில் இருந்த தாமஸ் டாப்சன். 1790-லிருந்து 1798 வரை பிரிட்டானிக்காவின் மூன்றாம் பதிப்பை அவர் அமெரிக்காவில் அச்சடித்து விற்றார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 1790-ல் வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்தான் பாதுகாப்பு கொடுத்தது. வெளிநாட்டுக்காரர் எழுதினதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நூறு வருஷம், 1891 வரைக்கும், இதே நிலைமைதான்.

டாப்சன் தலைப்பிலிருந்து ‘பிரிட்டானிக்கா’வைத் தூக்கினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கான சமர்ப்பணத்தையும் தூக்கினார். இப்பதான் சண்டை போட்டுச் சுதந்திரம் வாங்கின நாடு, மன்னர் பெயரோட புத்தகம் எப்படி விற்கும்? அதை வாங்கினவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர்.

ஆக, எடுத்து எழுதுவதில்தான் கலைக்களஞ்சியங்கள் வளர்ந்தன. உலகத்தில் இருக்கும் அறிவையெல்லாம் ஒருத்தர் தன் மூளையிலிருந்து எழுத முடியாது. எடுத்தே ஆகணும். ஆனால் யாரிடமிருந்து எடுத்தது என்பது இந்தக் கதை முழுக்கத் தொலைந்துகொண்டே போகிறது.

கட்டுரை முடிவில் ஒரு இனிஷியல்

பெயருக்கு மரியாதை கொடுத்த ஒரு பதிப்பைச் சொல்லியே ஆகணும். 1910-11-ல் வந்த பிரிட்டானிக்காவின் பதினோராம் பதிப்பு, 29 தொகுதிகள். கதிரியக்கத்தைப் பற்றி எழுதியவர் ரூதர்ஃபோர்டு. அரசின்மைவாதத்தைப் பற்றி எழுதியவர் க்ரோபோட்கின். இப்படி நிபுணர்கள் எழுதிய கட்டுரைகளின் முடிவில் அவர்களுடைய இனிஷியல் இருக்கும். எந்த இனிஷியல் யாருடையது என்று தொகுதியின் முன்பக்கத்தில் பட்டியல் இருக்கும்.

இந்தப் பதிப்பின் பதிப்புரிமை அமெரிக்காவில் எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் விக்கிபீடியாவின் ஆரம்ப வருஷங்களில் தன்னார்வலர்கள் இதிலிருந்து நிறையக் கட்டுரைகளை அப்படியே எடுத்துப் போட்டார்கள். சட்டப்படி எதுவுமே சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கட்டுரையின் அடியில், இதில் பொதுவுடைமையாகிவிட்ட 1911 பிரிட்டானிக்காவின் உரை இருக்கிறது என்று ஒரு குறிப்பு போட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. பதிப்புரிமை மீறல் வேற, இலக்கியத் திருட்டு வேற. முதலாவது சட்டத்தின் விஷயம்: அனுமதி இருக்கா, காலம் முடிஞ்சிருச்சா? இரண்டாவது நேர்மையின் விஷயம்: அடுத்தவர் எழுதினதை நம்ம எழுத்து மாதிரி காட்டுறோமா? பதிப்புரிமை முடிந்துபோன உரையிலும் இலக்கியத் திருட்டு சாத்தியம். அந்தக் குறிப்பு இரண்டாவதற்கான பதில். ஆனா அதிலும் ஒரு குறை உண்டு. பல கட்டுரைகளில் அந்தக் குறிப்பு, தொகுப்பாசிரியர் ஹியூ சிஷோமின் பெயரை மட்டும்தான் சொல்கிறது. கட்டுரையை எழுதினவரின் இனிஷியல் வழியில் எங்கேயோ விழுந்துபோச்சு.

மென்பொருள் கையேட்டிலிருந்து வந்த சட்டை

2001 ஜனவரி 15-ல் விக்கிபீடியா தொடங்கியது. ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் அதுக்கு முந்தின வருஷம் ‘நியூபீடியா’ என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். நிபுணர்கள் எழுதி, ஏழு கட்டப் பரிசீலனை தாண்டி வரவேண்டிய கட்டுரைகள். வண்டி நகரவே இல்லை. பக்கத்திலேயே, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்ட விக்கிபீடியா ஓட ஆரம்பித்தது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றவுடன் ஒரு கேள்வி வருது: எழுதினது யாருடைய சொத்து? நிறைய பேர் நினைக்கிற மாதிரி அது விக்கிபீடியாவோட சொத்து இல்லை. நீங்கள் ஒரு பத்தி எழுதினால் அதன் பதிப்புரிமை உங்களிடமேதான் இருக்கிறது. சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் பயன்படுத்த அனுமதி தருகிறீர்கள், அவ்வளவுதான். அந்த அனுமதிப் பத்திரத்துக்குப் பெயர்தான் உரிமம், லைசன்ஸ்.

அப்போது கைக்குக் கிடைத்த உரிமம், ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2000-ல் வெளியிட்ட ஜிஎஃப்டிஎல். அதன் கொள்கை எளிமையானது. எடு, மாற்று, விற்கவும் செய். ஆனால் எழுதியவர்களின் பெயரைச் சொல்லு. நீ மாற்றியதையும் இதே உரிமத்தில் மற்றவர்களுக்குக் கொடு.

இந்தச் சுதந்திரத்துக்கு முதல் சோதனை சீக்கிரமே வந்தது. விக்கிபீடியாவில் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு கிளம்பியதும், 2002 பிப்ரவரியில் ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். வெறும் கையோடு போகலை. எழுதின கட்டுரைகளையும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. செவில்லா பல்கலைக்கழகத்தின் சர்வரில் ‘என்சிக்ளோபீடியா லிப்ரே’ என்று தனியாக ஆரம்பித்தார்கள். சட்டப்படி அது முழுக்க முழுக்கச் சரி. யாரும் பூட்டுப் போட முடியாது, எழுதினவர்கள் கிளம்பினால் எழுத்தும் கூடவே போகலாம் என்று உரிமத்தில் இருந்த ஒரு வரி அன்றைக்கு நிஜமானது. விக்கிபீடியாவில் இன்னைக்கு வரைக்கும் விளம்பரம் இல்லாததுக்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

ஆனால் ஜிஎஃப்டிஎல் மென்பொருள் கையேடுகளுக்காகத் தைத்த சட்டை. முழு உரிமத்தையும் கூடவே அச்சடிக்கணும். மாற்றி வெளியிட்டால் முக்கியமான ஆசிரியர்கள் ஐந்து பேரையாவது தலைப்புப் பக்கத்தில் போடணும். 200 பக்கக் கையேட்டுக்கு இது சரி. ஒரு ஆசிரியர் வகுப்புக்காக ஒரே ஒரு விக்கிபீடியா கட்டுரையை நகல் எடுக்கணும்னா? கட்டுரை ரெண்டு பக்கம், உரிமம் அதைவிட நீளம். ஐநூறு பேர் கைவைத்த கட்டுரையில் அந்த ஐந்து பேர் யார்?

17 ஆயிரம் பேர் போட்ட ஓட்டு

இதற்கிடையில் 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்துவிட்டன. எளிமையானவை. அதில் ஒன்று சிசி பை-எஸ்ஏ. ‘பை’ என்றால் எழுதியவர் பெயரைச் சொல். ‘எஸ்ஏ’ என்றால் அதே உரிமத்தில் பகிர். கொள்கை கிட்டத்தட்ட ஜிஎஃப்டிஎல் மாதிரிதான். ஆனால் இரண்டும் சட்டப்படி வேறு வேறு. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்க்க முடியாது. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பொதுக் கிணறு, ஒன்றின் தண்ணீரை மற்றதில் ஊற்றக் கூடாதுங்கிற கதை.

சரி, உரிமத்தை மாத்திட வேண்டியதுதானேன்னா, எப்படி மாத்துறது? உரை விக்கிபீடியாவுடையது இல்லையே. லட்சக்கணக்கானவர்கள் எழுதியது. பலர் புனைபெயரில், பலர் வெறும் ஐபி எண்ணில். எல்லாரிடமும் கையெழுத்து வாங்க முடியாது.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. எழுதியவர்கள் ஒப்புக்கொண்ட வாசகத்தில், ஜிஎஃப்டிஎல்லின் ‘இந்தப் பதிப்பு அல்லது இனி வரும் பதிப்பு’ என்று இருந்தது. அப்படியென்றால் அந்த உரிமத்தின் புதுப் பதிப்பே ‘விக்கி தளங்கள் மாறிக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டால்? 2007 டிசம்பரில் விக்கிமீடியா அறக்கட்டளை அதைத்தான் கேட்டது. 2008 நவம்பரில் ஜிஎஃப்டிஎல் 1.3 வெளிவந்தது. 2009 ஆகஸ்ட் 1-க்குள் மாறிக்கொள்ள அனுமதி, அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.

2009 ஏப்ரலில் ஓட்டெடுப்பு நடந்தது. 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் சம்மதித்தார்கள். ஜூன் 15-லிருந்து புது உரிமம் நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூனில் அதன் 4.0 பதிப்புக்கு மாறினார்கள்.

இதில் பெரிய விவாதமே பெயரைப் பற்றித்தான். எல்லோருடைய பெயரையும் வரிசையாகப் போடணுமா, இல்லை கட்டுரைக்கு ஒரு லிங்க் போதுமா? லிங்க் போதும் என்று முடிவானது. அந்த லிங்க்கில் போனால் ‘வரலாறு’ என்ற பக்கம் இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பது வரை எல்லாம் அதில் உண்டு. ஆயிரம் பேர் எழுதின கட்டுரையில் தலைப்புக்குக் கீழே பெயர் போட இடமில்லை. பெயர்கள் அந்த வரலாற்றுப் பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. அங்கே போகிற வழிதான் நீங்கள் கொடுக்கும் லிங்க்.

ரெண்டு புத்தகம்

உரிமம் மாறின அதே 2009 ஜூன் மாதம். ‘வயர்டு’ பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் எழுதிய புத்தகம் ஒன்று வரப் போகிறது. தலைப்பு என்ன தெரியுமா? ‘ஃப்ரீ’. விமர்சனத்துக்காக முன்கூட்டியே பிரதி வாங்கின ‘வர்ஜீனியா குவார்ட்டர்லி ரிவ்யூ’ அதில் பல பத்திகள் விக்கிபீடியாவிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே வந்திருப்பதைக் கண்டுபிடித்து எழுதியது. ஆண்டர்சன் தவறை ஒப்புக்கொண்டார். இணைய மூலங்களை எப்படிக் குறிப்பிடுவது என்பதில் பதிப்பகத்தோடு உடன்பாடு வராததால் அடிக்குறிப்புகளை எடுத்துவிட்டதாகவும், அந்த இடங்களைத் திருத்தி எழுதும்போது சிலவற்றை விட்டுவிட்டதாகவும் விளக்கம் சொன்னார். ‘இலவசம்’ என்ற தலைப்பில் புத்தகம் எழுதியவருக்கே இலவசத்தின் நிபந்தனை நழுவிவிட்டது.

அடுத்த வருஷம் பிரான்ஸ். மிஷேல் உல்பெக்கின் ‘வரைபடமும் நிலப்பரப்பும்’ என்ற நாவல் 2010 செப்டம்பரில் வந்தது. ஈயைப் பற்றியும், பொவே என்ற ஊரைப் பற்றியும் அதில் வரும் பத்திகள் பிரெஞ்சு விக்கிபீடியாவிலிருந்து எடுத்தவை என்று ஸ்லேட் தளத்தின் பிரெஞ்சுப் பதிப்பு காட்டியது. உல்பெக் மறுக்கவில்லை. இது என் எழுத்து முறை, பல வகை உரைகளைப் பின்னி எழுதுகிறேன் என்றார். அந்த நாவலுக்கு நவம்பரில் கோன்கூர் பரிசும் கிடைத்தது.

இங்கேதான் கதை சூடு பிடிக்குது. ஒரு பிரெஞ்சு வலைப்பதிவர் ஒரு வாதம் வைத்தார். விக்கிபீடியா உரையைச் சேர்த்து எழுதினால் அது ‘அதே உரிமத்தில் பகிர்’ என்ற நிபந்தனைக்குள் வருகிறது, அதனால் மொத்த நாவலுமே கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது என்று சொல்லி, முழு நாவலையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்! பதிப்பகம் சட்ட நடவடிக்கை என்றதும் இறக்கினார். சில பத்திகள் எடுத்ததற்காக முழு நாவலும் ஊர்ச் சொத்தாகிவிடும் என்ற வாதம் எனக்கும் அதிகமாகத்தான் தெரியுது. ஆனா அவர் தொட்ட நரம்பு சரியானது. சொந்த நாவலுக்கு ஒரு சட்டம், அடுத்தவர் எழுதின ஈக்கு ஒரு சட்டமா? நாவலின் பிந்தைய பதிப்பில் விக்கிபீடியாவுக்கு நன்றி சேர்க்கப்பட்டது. கேட்டது கடைசியில் அவ்வளவுதான், ஒரு வரி.

இதுக்கு நேர் எதிரா ஒன்று. விக்கிபீடியா கட்டுரைகளை அப்படியே கோர்த்து, அட்டை போட்டு, நல்ல விலைக்கு ஆன்லைனில் விற்ற பதிப்பகங்கள் உண்டு. வாங்கினவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று கொதித்தார்கள். ஆனால் மூலம் விக்கிபீடியா என்று சொல்லி, உரிம நிபந்தனையைப் பின்பற்றினால் அது சட்டப்படி சரி. காசு பார்ப்பது குற்றம் இல்லை, பெயரை மறைப்பதுதான் குற்றம். இந்த உரிமம் கேட்கும் விலை பணம் இல்லை என்பது இதைவிடத் தெளிவாகப் புரிய வேறு உதாரணம் வேண்டாம்.

அப்போ நாம என்ன செய்யணும்?

முதல்ல ஒரு நிம்மதி. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு டெலிபோன் டைரக்டரியை இன்னொரு நிறுவனம் காப்பியடித்த வழக்கில், 1991-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. பாலம் எந்த வருஷம் கட்டினது என்பது யாருடைய சொத்தும் இல்லை. அதைச் சொன்ன வாக்கியம்தான் ஒருவருடையது. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, உங்க வார்த்தையில எழுதினா உரிமப் பிரச்சினையே இல்லை. ரெண்டு சொல்லை மட்டும் மாத்திப் போடுறது அந்தக் கணக்குல வராது.

வாக்கியத்தையே எடுத்தால் மூன்று விஷயம் போதும். கட்டுரைக்கு ஒரு லிங்க். உரிமத்தின் பெயரும் அதற்கொரு லிங்க்கும். மாற்றியிருந்தால் ‘மாற்றியிருக்கிறோம்’ என்று ஒரு சொல். அதிலிருந்து நீங்கள் உருவாக்கியதையும் அதே உரிமத்தில் விடணும்.

மொழிபெயர்ப்புக்கும் இதே விதிதான். தமிழ் விக்கிபீடியா 2003-ல் தொடங்கியது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி அங்கே போடும் ஒருவர், எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்பதைச் சேமிக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில் எழுதணும். விக்கிபீடியாவுக்குள்ளேயே ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பத்தியை நகர்த்தினால்கூட எழுதணும். இல்லைன்னா, புதுக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் நகர்த்தினவர் பெயர்தான் இருக்கும், எழுதினவர் பெயர் இருக்காது. பிரிட்டானிக்கா இனிஷியல் தொலைந்த அதே வழியில் இதுவும் தொலையும்.

இது வெறும் விக்கி ஆட்களின் பிடிவாதம் இல்லை. 1928-ல் ரோமில் பெர்ன் உடன்படிக்கையைத் திருத்தியபோது, உரிமையை விற்ற பிறகும் ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு என்று சேர்த்தார்கள். நம்ம நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 57-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. காசு ஒரு கணக்கு, பெயர் வேறொரு கணக்கு.

இப்ப நிலைமை இன்னும் சிக்கல். செயற்கை நுண்ணறிவு மாடல்கள் விக்கிபீடியாவைப் படிச்சுத்தான் பழகியிருக்கு. நாம ஒரு கேள்வி கேட்டா அழகா பதில் வருது. அதில் பல நேரம் லிங்க் இல்லை, வரலாற்றுப் பக்கத்துக்கு வழியும் இல்லை. சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்று பல நாட்டு நீதிமன்றங்களில் வாதம் நடக்கிறது. சட்டம் எதைச் சொன்னாலும் மெயில் அனுப்பினவரோட கேள்வி மாறாது: ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்தது யாருன்னு யாருக்காவது தெரியுமா?

ஒரு கணம் அவங்க பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க. சம்பளம் கிடையாது. விருது கிடையாது. புனைபெயரில்தான் எழுதுறாங்க, பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இருப்பதே அந்த ஒரு வரி, வரலாற்றுப் பக்கத்துல. அதையும் நான் வாசிக்கும்போது விட்டுட்டேன்.

அந்த எபிசோடின் குறிப்புகளில் இப்போ கட்டுரையின் லிங்க்கும் உரிமத்தின் பெயரும் சேர்த்தாச்சு. நடுவில் ஒரு வாக்கியத்தைப் புதுசா பதிவு பண்ணி ஒட்டியிருக்கேன். குரல் கொஞ்சம் மாறிக் கேட்கும், பரவாயில்லை. அவருக்குப் பதிலும் போட்டேன். திரும்பி வந்த மெயிலில் நன்றிக்கு அப்புறம் இன்னொரு வரி இருந்தது: “நீங்க சொன்ன கடைசித் தேதி தப்பு. நான் அதைப் போன மாசமே திருத்திட்டேன். வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அதையும் திருத்தியாச்சு. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.